மூன்று ஆண்டு முன்னதாகவே

2017 பிப்ரவரி 1. நிதியமைச்சர் அருண் ஜேட்லி நாடாளுமன்றத்தில் பட்ஜெட் படிக்கிறார். நடுவில் ஓர் அறிவிப்பு. யானைக்கால் நோயும் கருங்காய்ச்சலும் 2017-க்குள் ஒழிக்கப்படும், செயல்திட்டம் தயார். 2017 என்றால் அந்த ஆண்டேதான். கையில் இருந்தது பதினொரு மாதம்.

சிரித்திருக்க வேண்டும். சிரிக்க நமக்கு உரிமை இருந்தது. ஏனென்றால் அது முதல் தேதி அல்ல. 2002-ல் வந்த தேசிய நலவாழ்வுக் கொள்கையிலேயே தேதி போட்டிருந்தார்கள். கருங்காய்ச்சலுக்கு 2010. யானைக்காலுக்கு 2015. இரண்டு ஆண்டும் வந்தன, போயின. நோய் போகவில்லை. பிறகுதான் 2017. அதுவும் போனது. உலக சுகாதார நிறுவனம் 2020 என்று சொல்லியிருந்தது; நாமும் தலையாட்டியிருந்தோம். அதுவும் போனது. கருங்காய்ச்சல் ஒருவழியாக 2023-ல் இலக்கு எல்லைக்குள் வந்தது. பாராட்டுவோம். பதின்மூன்று ஆண்டு பிந்திய பாராட்டு.

யானைக்காலுக்கு இப்போது சொல்லும் தேதி 2027. வித்தை இங்கேதான் இருக்கிறது. உலக இலக்கு 2030-க்குத் தள்ளிப்போய்விட்டது அல்லவா? ஆகவே 2027 என்பது 'உலக இலக்குக்கு மூன்று ஆண்டு முன்னதாகவே'. இப்படித்தான் அறிவிக்கிறார்கள், இப்படித்தான் செய்திக்குறிப்பு வருகிறது. 2015-ல் முடிக்கிறேன் என்று சொன்ன வேலையை 2027-ல் முடிப்பவன் பன்னிரண்டு ஆண்டு தாமதம் என்று நாம் நினைப்போம். இல்லையாம். மூன்று ஆண்டு சீக்கிரமாம். நேற்றுக் காலை வரவேண்டிய ரயில் இன்று மாலை வந்து, நாளை வரும் ரயிலைவிட முந்திவிட்டேன் என்று ஒலிபெருக்கியில் மார்தட்டுகிறது. பிளாட்பாரத்தில் நிற்கும் நாம் கைதட்ட வேண்டும்.

இன்னொன்று. ஒழிப்பு என்றால் நோய் அடியோடு ஒழிவது என்று நினைத்துவிடாதீர்கள். ரத்தத்தில் புழுக்குஞ்சு உள்ளவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே இறங்கினால் போதும். முழங்கால் உயரத்துக்கு இறக்கிக் கட்டிய கயிறு அது. அதைத் தாண்டத்தான் இத்தனை தேதி.

புழுவைப் பற்றியும் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அது நேரம் தவறாது. உச்சரேரியா பாங்க்ராஃப்டி என்று பெயர். நூலிழை மாதிரி இருக்கும். பெண் புழு எட்டுப் பத்து சென்டிமீட்டர் நீளம். மனிதனின் நிணநீர்க் குழாயில் ஐந்து முதல் எட்டு ஆண்டு குடியிருக்கும். தேர்தல் கிடையாது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் கிடையாது. உள்ளே இருந்தபடி லட்சக்கணக்கில் குஞ்சு போடும். குஞ்சுகள் பகலெல்லாம் நுரையீரல் பக்கத்து ரத்தக்குழாய்களில் பதுங்கிக் கிடக்கும். இரவு பத்து மணிவாக்கில் தோலுக்கடியில் ஓடும் ரத்தத்துக்கு வந்து சேரும். அதிகாலை இரண்டு மணி வரை அங்கேதான். ஏன் அந்த நேரம்? கியூலெக்ஸ் கொசு கடிக்க வருவதும் அதே நேரம். ஒன்றுக்கு மூளையே கிடையாது, மற்றதற்குக் கடுகளவும் இல்லை. ஆனாலும் இரண்டும் பேசி வைத்த மாதிரி ஒத்துழைக்கின்றன. நெடுஞ்சாலைத் துறை தார் போட்ட மறு வாரமே குடிநீர்க் குழாய்க்காரர்கள் வந்து தோண்டும் ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது பொறாமையாக இருக்கிறது.

அதனால்தான் இந்த நோய்க்கு ரத்தத்தை இரவில் எடுக்க வேண்டும். பகலில் எடுத்தால் கண்ணாடித் தகட்டில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. பத்து மணிக்கு வந்து ஐந்து மணிக்குக் கிளம்பும் நிர்வாகத்துக்கு இதைவிட வசதியான நோய் ஏது? அலுவலக நேரத்தில் அது கண்ணில் படாது. களப்பணியாளர்களைச் சொல்லவில்லை. இரவில் டார்ச் விளக்கும் கண்ணாடித் தகடுமாக வீடு வீடாகக் கதவைத் தட்டி, 'இந்நேரத்துல யாரு?' என்ற அதட்டலுக்குப் பதில் சொல்லி, தூங்கி விழும் பிள்ளையின் விரலைக் குத்துபவர்கள் அவர்கள். சம்பளப் பட்டியலில் கீழ் வரிசையில் இருப்பவர்கள். தேதி அறிவிப்பவர்கள் வேறு.

இந்த மாதிரி நோய்களைப் பற்றி உலகம் தெரிந்துகொண்டதில் ஒரு பங்கு நம் ரத்தத்திலிருந்துதான். 1872-ல் கல்கத்தாவில் திமோதி லூயிஸ் யானைக்கால் புழுவின் குஞ்சை மனித ரத்தத்தில் கண்டார். 1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் பார்த்தார். 1902-ல் நோபல் பரிசு வாங்கினார். 1903-ல் நம் சென்னை பெரியாஸ்பத்திரியில் சார்லஸ் டொனோவன் மண்ணீரலைக் குத்தியெடுத்துக் கருங்காய்ச்சலின் ஒட்டுண்ணியைக் கண்டார். அதன் பெயரிலேயே டொனோவன் இருக்கிறார். ஆக, எதிரி யார் என்று நூறாண்டுக்கு முன்பே நமக்குத் தெரியும். முகவரியும் தெரியும். வந்துபோகும் நேரமும் தெரியும். தெரியாமல் போனதால் தோற்றோம் என்று சொல்லிக்கொள்ள வழியே இல்லை.

மருந்தும் நம்மிடமிருந்து போனதுதான். எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்துப் பிள்ளை, சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். காந்தியின் பேச்சைக் கேட்டுக் கதர் அங்கியோடு அறுவை அரங்குக்குப் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. படிப்பை முடித்தபோது எம்.பி.பி.எஸ். கொடுக்கவில்லை, ஒரு படி கீழே எல்.எம்.எஸ். கொடுத்து அனுப்பினார்கள். அவர் அமெரிக்கா போனார். லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் 1947-ல் வெளிவந்ததுதான் டி.இ.சி. என்கிற யானைக்கால் மாத்திரை. அடுத்த ஆண்டே இறந்துபோனார். 1995-ல் அவருக்குத் தபால்தலை வெளியிட்டோம். அவர் கண்ட மாத்திரையை ஊர் முழுக்க ஒழுங்காக விழுங்க வைக்க இன்னும் முடியவில்லை. தபால்தலையை நக்கி ஒட்டுவது சுலபம்.

தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது 1955-ல். எழுபதாண்டு ஓடிவிட்டது. உலகத்து யானைக்கால் சுமையில் ஏறத்தாழ 40 சதவீதம் இன்னும் நம் தோளில். இல்லை, காலில்.

நோய் ஒழிப்பில் நாம் விடாமல் செய்துவரும் ஒரு காரியம் உண்டு. பெயர் மாற்றுவது. 1953-ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம். 1958-ல் கட்டுப்பாடு எல்லாம் நமக்கு எதற்கு என்று தேசிய மலேரியா ஒழிப்புத் திட்டம். உண்மையில் அபாரமாக வேலை நடந்தது. சுதந்திரம் வந்தபோது ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்குக் கண்ட காய்ச்சல் 1965-ல் ஒரு லட்சமாக இறங்கியது. அவ்வளவுதான், ஜெயித்துவிட்டோம் என்று கைகழுவினார்கள். கண்காணிப்பு தளர்ந்தது, மருந்தடிப்பும் தளர்ந்தது, கொசுவும் மருந்துக்குப் பழகிவிட்டது. 1976-ல் 64 லட்சம் பேர். ஒரு லட்சத்திலிருந்து 64 லட்சத்துக்குப் போன பிறகும் திட்டத்தின் பெயர் ஒழிப்புத் திட்டம்தான். 1999-ல்தான் வெட்கம் வந்து 'மலேரியா எதிர்ப்புத் திட்டம்' ஆக்கினார்கள். சில ஆண்டில் அதுவும் போய், கொசுவழி நோய் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுப் புதுப் பெயர். பெயர்ப்பலகை எழுதுகிறவர் ஒருவர்தான் இந்த நாட்டில் மலேரியாவால் வாழ்ந்தவர்.

சரி, மாத்திரைக்கு வருவோம். 2004-லிருந்து நோய் உள்ள மாவட்டங்களில் கூட்டு மருந்து வழங்கல் நடக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை, நோய் இருக்கிறவர் இல்லாதவர் எல்லோரும் டி.இ.சி.யும் அல்பெண்டசோலும் விழுங்க வேண்டும். மருந்து குஞ்சுகளைக் கொல்லும். தாய்ப்புழுவை அவ்வளவு சுலபமாகக் கொல்லாது. ஆகவே தாய்ப்புழு கிழமாகிச் சாகிறவரை, ஐந்தாறு ஆண்டு, விடாமல் கொடுத்தால் சங்கிலி அறுந்துவிடும். கணக்கு அழகானது. ஒரே ஒரு நிபந்தனைதான்: மாத்திரை வயிற்றுக்குள் போக வேண்டும்.

போகவில்லை. கொடுத்த கணக்கு ஒன்று, விழுங்கிய கணக்கு வேறொன்று என்பது இந்தத் திட்டத்தைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் விஷயம். பதிவேட்டில் கிராமமே விழுங்கியிருக்கும். மாத்திரை சாமி படத்துக்குப் பின்னால் கிடக்கும். மக்களுக்குப் பயம். ரத்தத்தில் புழு உள்ளவருக்கு மாத்திரை போட்டால் புழு செத்துக் காய்ச்சலும் தலைசுற்றலும் வரலாம். வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். இதை உட்கார்ந்து எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும், நேரம் வேண்டும். அந்த நேரத்தில் அதிகாரிக்குப் படம் அனுப்ப வேண்டியிருக்கிறது. ஐந்தாறு சுற்றில் முடிய வேண்டியது பல மாவட்டங்களில் பத்துச் சுற்று தாண்டியும் ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றையும் அமைச்சர் ஒருவர் கேமரா முன்னால் மாத்திரை போட்டுத் தொடங்கி வைக்கிறார். விழுங்கியதற்கு அசைக்க முடியாத ஆதாரம் உள்ளவர் அவர் ஒருவரே.

தமிழ்நாடு இதில் தேவலை, மறுக்கவில்லை. கும்பகோணம் என்றால் வெற்றிலை, டிகிரி காபி, அப்புறம் கொசுவும் யானைக்காலும் என்று கேலி பேசிய காலம் போய்விட்டது. பெரும்பாலான மாவட்டங்களில் கூட்டு மாத்திரையை நிறுத்தும் அளவுக்குப் பரவல் குறைந்தது. புழு குறைந்தது. கொசு? அதைக் கேட்கக் கூடாது. ஏனென்றால் கொசுவைக் கேட்டால் சாக்கடையைக் கேட்க வேண்டும்.

கியூலெக்ஸ் நல்ல தண்ணீரில் வளரும் சாதுவான பிராணி அல்ல. தேங்கி நாறும் சாக்கடை, மூடாத செப்டிக் டேங்க், அதன் காற்றுக்குழாய் ஆகியவைதான் அதற்குப் பிரசவ ஆஸ்பத்திரி. அந்தக் குழாயின் வாயில் ஒரு கைக்குட்டை அளவு நைலான் வலை கட்டினால் டேங்க்குக்குள் கொசு போகாது, வராது. எழுபதாண்டுத் திட்டத்தில் அந்த வலை எத்தனை வீட்டில் கட்டியிருக்கிறது என்று உங்கள் தெருவில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடங்கள். கழுத்து வலிக்கும்.

எங்கள் தெருச் சாக்கடையைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் தெருவுடையதும் அதுவேதான், ஒப்பந்தக்காரர் மட்டும் வேறாக இருப்பார். கட்டியபோது வாட்டம் பார்க்கவில்லை. தெருமுனையில் இருக்கும் சாக்கடை எங்கள் வாசல் சாக்கடையைவிட ஒரு சாண் உயரம். தண்ணீர் மேல்நோக்கி ஓடும் என்று எந்தப் பொறியாளர் படித்தாரோ, அவருக்கும் அளவைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கும் தண்ணீர் கட்டுப்படவில்லை. ஓடாமல் நிற்கிறது. மேலே போட்ட சிலாப்புகளில் பாதி உடைந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆண்டுக்கொரு முறை மழைக்கு முன்னால் தூர்வாருவார்கள். வாரிய சேற்றை எடுத்துப் போக மாட்டார்கள். அது வேறு டெண்டராம். கரையிலேயே குவித்துவிட்டுப் போவார்கள். அதில் பிளாஸ்டிக் டம்ளரும் நாப்கினும் செருப்பும் தலையை நீட்டியபடி பதினைந்து நாள் காயும். பதினாறாம் நாள் மழை வரும். சேறு முழுவதும் வந்த வழியே உள்ளே போகும். தூர்வாரியதற்குப் பில் பாஸாகியிருக்கும். அடுத்த ஆண்டும் அதே சேறு, அதே பில். மழை விட்ட பிறகு புகை வண்டி வரும். பட்டப்பகலில், வீடுகளின் கதவெல்லாம் சாத்தியிருக்கும்போது, தெருவில் இருக்கும் நாய்களுக்கும் நமக்கும் புகை போட்டுவிட்டுப் போகும். சாக்கடையில் நெளியும் கொசுப்புழுவுக்கு அதில் ஒரு தும்மல்கூட வராது.

மாத்திரையை நம்மிடம் நீட்டுவது சுலபம். அது நம் கடமை. சாக்கடைக்கு வாட்டம் கொடுப்பது அவர்கள் கடமை. ஆகவே மாத்திரை.

குடற்புழுவிலும் இதே கூத்துதான். 2015-லிருந்து பிப்ரவரி 10 தேசியக் குடற்புழு நீக்க நாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வரிசையில் நின்று பூச்சி மாத்திரையைச் சப்பிச் சாப்பிடும். நல்ல காரியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பெண் உருளைப்புழு நாளொன்றுக்கு இரண்டு லட்சம் முட்டை வரை இடும். இந்த நாட்டில் இலக்கை ஒரு நாளும் தவறவிடாத துறை அது. முட்டை மலத்தோடு மண்ணுக்குப் போய், மண்ணிலிருந்து கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் வந்துவிடும். கொக்கிப்புழு வாய்வரை வரக்கூடக் காத்திருக்காது. வெறுங்காலில் தோலைத் துளைத்தே ஏறும். மாத்திரை சாப்பிட்ட பிள்ளை அன்று சாயங்காலம் எங்கே ஒதுங்குகிறது என்பதுதான் கேள்வி. பதில் சொல்லியாகிவிட்டது. 2019 அக்டோபர் 2 அன்று இந்தியக் கிராமங்கள் திறந்தவெளியில் மலம் கழிக்காத கிராமங்கள் ஆகிவிட்டன. பிரதமரே அறிவித்தார். அரசின் குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019 முதல் 2021 வரை ஊர் ஊராகப் போனது. 19 சதவீத வீடுகளில் கழிப்பறையைப் பயன்படுத்துவதில்லை என்று எழுதிக்கொண்டு வந்தது. அந்தக் கணக்கெடுப்பை நடத்திய நிறுவனத்தின் இயக்குநர் 2023-ல் இடைநீக்கம் செய்யப்பட்டார். நியமன முறைகேடுதான் காரணம், புள்ளிவிவரம் அல்ல என்றார்கள். நம்புவோம். புழுவை மட்டும் இடைநீக்கம் செய்ய முடியவில்லை.

பெரிய நாடு, ஏழை நாடு, என்ன செய்ய என்று யாராவது உச்சுக்கொட்டினால் அவரை இலங்கைக்கு அனுப்பிவைக்கலாம். அவர்களும் ஒருமுறை கோட்டைவிட்டவர்கள்தான். 1963-ல் நாடு முழுக்க மொத்தம் பதினேழு மலேரியா. போதும் என்று மருந்தடிப்பதை நிறுத்தினார்கள். 1968, 69-ல் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. அடிபட்டதை மறக்கவில்லை. 1999-ல் இரண்டு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல் மலேரியா. வடக்கும் கிழக்கும் போர்க்களம். குண்டு விழுந்துகொண்டிருந்த ஊர்களுக்கும் கொசுவலையும் மருந்தும் போயின. சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எதிலும் ஒத்துப்போகாத இரண்டு தரப்பும் கொசு விஷயத்தில் வழிவிட்டன. 2012 அக்டோபரோடு உள்ளூர் மலேரியா நின்றது. 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ். அதே ஆண்டு யானைக்காலுக்கும் சான்றிதழ். டோகோ 2017-ல் யானைக்காலை முடித்தது. மலாவி 2020-ல். வங்கதேசம் 2023-ல். ஏமன் 2019-ல் முடித்தது. தலைக்கு மேல் விமானம் வந்து குண்டு போட்ட நாட்களில். நமக்குத் தலைக்கு மேல் சந்திரயான் போகிறது. காலடியில் சாக்கடை நிற்கிறது.

இத்தனை தேதிகளுக்கு நடுவில் நோய் கண்டவர் எங்கே இருக்கிறார்? புழு செத்தாலும் வீங்கிய கால் பழையபடி ஆகாது. அவருக்குத் தேவை பெரிய மருத்துவம் அல்ல. தினமும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். விரல் இடுக்கிலும் தோல் மடிப்பிலும் ஈரம் போக ஒற்றி எடுக்க வேண்டும். களிம்பு தடவ வேண்டும். படுக்கும்போது காலை உயர்த்தி வைக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் மடிப்பில் புண்ணாகி, நெறி கட்டி, குளிர்காய்ச்சல் வந்து, நாலைந்து நாள் வேலைக்குப் போக முடியாது. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கால் இன்னும் கொஞ்சம் பெருக்கும். செருப்பு வாங்கக் கடைக்குப் போனால் ஒரு காலுக்கு ஏழாம் நம்பர் போதும், மற்றக் காலுக்கு எந்த நம்பரும் பற்றாது. ஆண்களுக்கு விரைவீக்கம் வேறு; அதை யாரிடமும் சொல்லாமல் வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு வயலில் குனிந்து நிமிர்கிறவர்கள் உண்டு. ஒரு சின்ன அறுவையில் சரியாகக்கூடியது அது. இவர்களுக்கு அரசு ஒரு பை கொடுக்கிறது. பிளாஸ்டிக் தொட்டி, மக், சோப்பு, துண்டு, களிம்பு. கொடுக்கும்போது மேடை உண்டு, படம் உண்டு. படத்தில் அவர் கால் நடுவில் தெரிய வேண்டும்; முகமும் தெரிய வேண்டும்; கொடுப்பவர் முகம் கட்டாயம் தெரிய வேண்டும். சோப்பு ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். படம் தீராது.

தமிழ்நாட்டில் நான்காம் நிலை வீக்கம் உள்ளவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உதவித்தொகை உண்டு. வேறு எத்தனையோ மாநிலங்களைவிட இது மேல் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் இரண்டாம் நிலையில் இருப்பவர் பொறுத்திருக்க வேண்டும். கால் இன்னும் முன்னேற வேண்டும். நாட்டின் வளர்ச்சிக்குக் காத்திருந்து பழகியவருக்குத் தன் காலின் வளர்ச்சிக்குக் காத்திருப்பது பெரிதா என்ன?

2027 வரும். போன தேதிகள் எல்லாம் வந்த மாதிரி அதுவும் வரும். நானும் ஒரு குடிமகனாக என் பங்கைச் செய்தேன். சாக்கடைக்கு வாட்டம் இல்லை, தண்ணீர் நிற்கிறது, கொசுப்புழு நெளிகிறது என்று படம் எடுத்து உள்ளாட்சிக்காரர்களின் செயலியில் புகார் போட்டேன். பதிவு எண் வந்தது. மறுநாளே குறுஞ்செய்தியும் வந்தது: 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது. சேவையை மதிப்பிடவும்.' ஆதாரமாக ஒரு படம் இணைத்திருந்தார்கள். பளிச்சென்று சுத்தம் செய்த சாக்கடை, புதுச் சிலாப், ஓரத்தில் பிளீச்சிங் பவுடர் கோடு. படத்தில் பின்னால் ஒரு கடையின் பெயர்ப்பலகை தெரிந்தது. கன்னடத்தில் எழுதியிருந்தது.